மைக் வெப்ஸ்டர் வழக்கு: 1991ஆ, 1996ஆ?

அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர் எந்த வருடத்திலிருந்து வேலை செய்ய முடியாத ஆளாக ஆனார்? 1991லிருந்தா, 1996லிருந்தா? கேட்டால் ஏதோ அலுவலகக் குமாஸ்தா சமாசாரம் மாதிரி இருக்கும். ஆனால் இந்த ஒரு தேதிக்காக 1999ல் போட்ட ஓய்வூதிய விண்ணப்பம் 2006 கடைசி வரைக்கும் இழுத்தது, விண்ணப்பம் போட்டவர் நடுவிலேயே இறந்துபோனார், பதில் வந்தபோது அவருடைய மூளை மெல்லிய சீவல்களாக ஒரு பரிசோதனைக்கூடத்துக் கண்ணாடி வில்லைகளில் ஒட்டிக்கிடந்தது.

அமெரிக்கன் ஃபுட்பாலில் தலையடி பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் அந்த மூளையை அறுத்துப் பார்த்த மருத்துவரின் கதையைத்தான் சொல்வார்கள். நல்ல கதைதான், இங்கேயும் வரும். எனக்கென்னவோ அதைவிட அந்த ஓய்வூதியத் தகராறுதான் முக்கியமாகப் படுகிறது. அதற்கு முதலில் ஆள் யார், களத்தில் என்ன வேலை பார்த்தார் என்பது தெரியவேண்டும்.

வெப்ஸ்டர் பிறந்தது 1952 மார்ச் 18, விஸ்கான்சின் மாநிலத்தில் டோமாஹாக் என்ற ஊரில். உருளைக்கிழங்குப் பண்ணைப் பிள்ளை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு ஆடிவிட்டு 1974ல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் தேர்வுக்கு வந்தார். அது கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைபோட்டுப் பொறுக்கிக்கொள்ளும் ஏற்பாடு. வெப்ஸ்டரை ஐந்தாவது சுற்றில், 125வது ஆளாகத்தான் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் எடுத்தது. அந்த இடத்துக்கு உடம்பு சின்னது என்பதுதான் குறை. அந்த ஒரே வருடத் தேர்வில் ஸ்டீலர்ஸ் எடுத்தவர்களில் லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வர்த், வெப்ஸ்டர் என்று நான்கு பேர் பின்னால் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற புகழ்மண்டபத்துக்குப் போனார்கள். இப்படி ஒரு அறுவடை வேறு எந்த அணிக்கும் வாய்த்ததில்லை என்று இன்றைக்கும் சொல்லுவார்கள்.

அவர் ஆடிய இடத்துக்கு சென்டர் என்று பெயர். ஆட்டம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், வழக்கே இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஆட்டம் துவங்கும்போதும் சென்டர் குனிந்து நின்று பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் கையில் கொடுக்கவேண்டும். அதற்குப் பெயர் ஸ்னாப். பந்து அசைந்த அந்த நொடியில் எதிரே ஒரு கை தூரத்தில் குனிந்திருக்கும் நூற்றுப்பத்து, நூற்றிருபது கிலோ ஆள் மேலே பாய்வான். சென்டரின் ஒரு கை அப்போதுதான் பந்தோடு பின்னால் போயிருக்கிறது. அப்புறம் எதை வைத்து அவனைத் தடுப்பது? தலையும் தோளும்தான் முதலில் போய் முட்டும். 1978ல் விதி மாறும்வரை தடுக்கிறவர்கள் கையை நீட்டித் தள்ளுவதற்கும் கட்டுப்பாடு இருந்தது. எதிராளி உள்ளங்கையால் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ஓங்கி அறைவதைத் தடை செய்ததே 1977ல்தான். வெப்ஸ்டரின் முதல் மூன்று சீசன்கள் அந்த அறைகளோடு போனவை.

ஒரு ஆட்டத்தில் அறுபது முறை ஸ்னாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசனுக்குப் பதினாறு ஆட்டம் என்றால் கிட்டத்தட்ட ஆயிரம் முட்டல். பயிற்சியில் முட்டுவது இதில் சேராது. பள்ளிக்கூடம், கல்லூரியும் சேராது. இதில் மயங்கி விழுந்து தூக்கிக்கொண்டு போகிற மாதிரியான அடி ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலானவை ஆடுகிறவருக்கே நினைவில் நிற்காத சின்ன முட்டல்கள். எவர்சில்வர் தூக்கில் உறைந்த தயிரை எடுத்துக்கொண்டு மேடுபள்ளத்தில் ஓடினால் தூக்கு நசுங்காது, தயிர்தான் உடையும். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை ஆடுவதை அதனால் நிறுத்த முடியாது.

வெப்ஸ்டர் இதை 17 சீசன் செய்தார். 1974லிருந்து 1985 முடிய ஒரு ஆட்டம் விடாமல் தொடர்ந்து 177 ஆட்டம். 1986ல் முழங்கை நழுவியதால்தான் அந்தத் தொடர் அறுந்தது, அதுவும் நான்கே ஆட்டத்துக்கு. பிட்ஸ்பர்க்கின் பனிக் குளிரிலும் சட்டைக்கையை மேலே ஏற்றிவிட்டு வெறும் புஜத்தோடு நிற்பார், 'அயர்ன் மைக்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நான்கு வெற்றி, சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஆடவைக்கும் ப்ரோ பவுலுக்கு ஒன்பது முறை. 1988 சீசனோடு ஸ்டீலர்ஸ் விட்டுவிட, கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அவரைப் பயிற்சியாளராக வேலைக்கு எடுத்தது. போனவர் பயிற்சி கொடுப்பதை விட்டுவிட்டு மறுபடி தானே களத்தில் இறங்கி இரண்டு சீசன் ஆடினார். மொத்தம் 245 ஆட்டம். 1991 மார்ச்சில் ஓய்வு பெற்றபோது 38 வயது.

இதற்கு அப்புறம் நடந்ததைச் சுருக்கிச் சொல்லத்தான் எனக்குப் பிடிக்கும். அமெரிக்கப் பத்திரிகைகளில் இதை ருசித்து ருசித்து எழுதியவர்கள் நிறைய. சம்பாதித்த பணம் போன இடம் தெரியவில்லை. குடும்பம் உடைந்தது. ஞாபகம் பிசகியது, கோபமும் சோர்வும் மாறி மாறி வந்தன. சில காலம் தன் பிக்கப் வண்டியிலும் ரயில் நிலையத்திலும் தூங்கினார். விழுந்த பல்லைப் பசைபோட்டு ஒட்டிக்கொண்டார். வலியால் தூக்கம் வராத இரவுகளில் தன் உடம்பில் தானே மின்துப்பாக்கி வைத்துச் சுட்டுக்கொண்டு நினைவிழந்து தூங்குவார் என்று குடும்பத்தாரே சொல்லியிருக்கிறார்கள். காகிதம் காகிதமாகக் கடிதம் எழுதிக் குவித்தார், பாதி புரியாது. 1999ல் ரிட்டலின் மாத்திரைக்காகப் போலி மருந்துச்சீட்டு எழுதியதில் பிடிபட்டு, நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டது. அந்த மாத்திரை போட்டால்தான் கொஞ்ச நேரம் கோர்வையாக யோசிக்க முடிகிறது என்பது அவர் பக்கத்து நியாயம்.

நடுவில் 1997 ஜூலையில் ஓஹியோவின் கான்டன் நகரில் ஹால் ஆஃப் ஃபேம் விழா. பழைய குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா மேடையில் அறிமுகம் செய்துவைத்து, ஒரு பந்தைக் கொண்டுவரச் சொல்லி, கடைசியாக ஒரு தடவை வெப்ஸ்டரைக் குனியவைத்து ஸ்னாப் வாங்கிக்கொண்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. பிறகு வெப்ஸ்டர் பேசிய பேச்சு எங்கெங்கோ போய் நீண்டுகொண்டே இருந்தது.

அதே வருடம்தான் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரத்து வழக்கறிஞர் பாப் ஃபிட்ஸ்சிமன்ஸிடம் போனார். அவர் செய்த புத்திசாலித்தனம், உடனே வழக்குப் போடாமல் முதலில் மருத்துவர்களிடம் அனுப்பியது. நான்கு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். நான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது, காரணம் ஃபுட்பாலில் வாங்கிய அடி. இந்தக் கட்டோடு 1999ல் ஆட்டக்காரர்களின் ஓய்வூதிய வாரியத்துக்கு விண்ணப்பம் போனது.

இந்த வாரியத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் லீக் ஒரு பக்கம், ஏழை ஆட்டக்காரர் ஒரு பக்கம் என்று சினிமா மாதிரி ஆகிவிடும். பெர்ட் பெல், பீட் ரோசல் என்ற இரண்டு பழைய கமிஷனர்களின் பெயரில் இருக்கும் இந்தத் திட்டத்தை நடத்துகிற வாரியத்தில் ஓட்டுள்ள இடம் ஆறு. மூன்று அணி முதலாளிகள் தரப்பு, மூன்று ஆட்டக்காரர் சங்கத் தரப்பு. ஆக வெப்ஸ்டருக்குக் குறைத்துக் கொடுத்ததில் அவருடைய சங்கத்துக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

திட்டத்தில் ஊனப்படி இரண்டு விதம். ஆடிக்கொண்டிருந்த காலத்துக் காயத்தால், ஆட்டத்தை விட்ட உடனேயே முழுசாக முடங்கிப்போனவருக்கு ஒரு தொகை, அது பெரியது. ஆடிய காயம் மெள்ள மெள்ள முற்றி வருடங்கள் கழித்து முடக்கினால் இன்னொரு தொகை, அது ரொம்பக் கம்மி. இங்கேதான் தேதி வருகிறது. 1991லேயே முடங்கிவிட்டார் என்றால் பெரிய தொகை, அன்றிலிருந்து நிலுவையோடு. 1996ல்தான் என்றால் சின்னத் தொகை.

வாரியம் நான்கு மருத்துவர்களை நம்பவில்லை. அதில் தப்பில்லை, விண்ணப்பிக்கிறவர் கூட்டிக்கொண்டு வருகிற மருத்துவர்களைச் சந்தேகிப்பது எந்தக் காப்பீட்டிலும் வழக்கம்தான். அதனால் தன் தரப்பில் ஒருவரிடம் அனுப்பியது, எட்வர்ட் வெஸ்ட்புரூக் என்ற நரம்பியல் மருத்துவர். அவர் பார்த்துவிட்டு என்ன எழுதினார்? முழு முடக்கம், காரணம் தலைக்காயம், 1991லிருந்தே. வாரியம் தானே தேர்ந்தெடுத்த ஆள் சொன்னது இது. ஐந்துக்கு ஐந்து.

அதற்குப் பிறகும் வாரியம் 1996 என்றுதான் முடிவு செய்தது. இடைப்பட்ட வருடங்களில் அவர் அங்கே இங்கே ஒட்டாமல் பார்த்த சில சில்லறை வேலைகளைப் பிடித்துக்கொண்டு, வேலை பார்த்திருக்கிறாரே, எப்படி முடக்கம் என்றது. அந்தக் கால மருத்துவ ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. மூளை குழம்பிப்போன ஆளிடம், குழம்பிய காலத்தில் ஒழுங்காக மருத்துவரிடம் போய்ச் சீட்டு வாங்கி வைத்தாயா என்று கேட்கிற மாதிரிதான்.

ஆனால் இந்தச் சின்னத் தொகையைக் கொடுப்பதற்கே காரணம் எழுதவேண்டுமல்லவா, அங்கேதான் வாரியம் தன்னை அறியாமல் பெரிய காரியம் செய்தது. 2000ல் எழுதிய கடிதத்தில், ஸ்டீலர்ஸுக்கும் சீஃப்ஸுக்கும் ஆடியபோது வாங்கிய தலைக்காயங்களின் விளைவுதான் இவருடைய முடக்கம் என்று மருத்துவ அறிக்கைகள் காட்டுவதாக எழுதிவைத்தது. ஃபுட்பால் ஆடியதால் மூளை நிரந்தரமாகக் கெட்டது என்பதை லீக்கின் பெயர் தாங்கிய ஒரு அமைப்பே காகிதத்தில் ஒப்புக்கொண்டது.

இன்னொரு பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? 1994ல் என்.எஃப்.எல். லேசான மூளைக்காயங்களை ஆராய ஒரு குழு போட்டிருந்தது. தலைவர் எலியட் பெல்மன், மூட்டுநோய் மருத்துவர். நான் தட்டச்சுப் பிழை எதுவும் செய்யவில்லை, மூட்டு என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்தக் குழு 2003லிருந்து 'நியூரோசர்ஜரி' என்ற மருத்துவ இதழில் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டது. தலையில் அடிபட்டவர்கள் அதே ஆட்டத்தில் திரும்ப இறங்கினாலும் பெரிய ஆபத்தில்லை, தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் நீண்டகால மூளைச் சேதம் தெரியவில்லை என்ற திசையில் போயின அவை. இதழின் ஆசிரியர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு ஆலோசகராகவும் இருந்தவர். ஆக, ஒரு அறையில் வெப்ஸ்டருக்கு மூளைச் சேதத்துக்காகப் பணம் எழுதுகிறார்கள், அடுத்த அறையில் அப்படி ஒரு சேதமே இல்லை என்று கட்டுரை எழுதுகிறார்கள். இடது கை செய்வது வலது கைக்குத் தெரியாமல் இருப்பதைத் தர்மத்துக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

2002 செப்டம்பர் 24 அன்று பிட்ஸ்பர்க் மருத்துவமனையில் வெப்ஸ்டர் மாரடைப்பில் இறந்தார். வயது 50. மாரடைப்போடு விஷயம் முடிந்திருந்தால் உடலை அப்படியே அடக்கம் செய்திருப்பார்கள். தலைக்காயத்தின் பின்விளைவு என்ற சொல்லும் மருத்துவக் காகிதத்தில் ஏறியிருந்ததால் கேஸ் அல்லெகெனி மாவட்டப் பிரேதப் பரிசோதனை அலுவலகத்துக்குப் போனது. அன்றைக்குப் பணியில் இருந்தவர் பென்னட் ஒமாலு, நைஜீரியாவிலிருந்து வந்த இளம் நோய்க்கூறியல் மருத்துவர். ஃபுட்பால் அவருக்குத் தெரியாது. பிட்ஸ்பர்க்கில் பிறந்து ஸ்டீலர்ஸ் பைத்தியமாக வளர்ந்த ஒருவர் அந்த மேஜைக்கு முன்னால் நின்றிருந்தால் மூளையை எடுத்து வைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மண்டையைத் திறந்தால் மூளை சாதாரணமாக இருந்தது. சுருங்கவில்லை, நிறம் மாறவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அவர் அதை ஃபார்மலினில் போட்டுவைத்து, சீவி, சாயமேற்றி, அந்தச் செலவில் கைக்காசையும் போட்டுப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் டாவ் என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் சிக்குப் பிடித்துக் கிடந்தது. 50 வயது மூளையில் இருக்கக்கூடாத சிக்கு, அதுவும் அல்சைமரில் வருகிற வகையில் இல்லாமல் வேறு மாதிரி. குத்துச்சண்டைக்காரர்களுக்கு இப்படி ஆவதை 1928லேயே ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். க்ரானிக் ட்ரொமாட்டிக் என்செஃபலோபதி, சுருக்கமாக சி.டி.இ., என்ற பெயரும் குத்துச்சண்டை வழியாக ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததுதான். ஃபுட்பால் ஆட்டக்காரர் மூளையில் அதைக் கண்டு எழுதியதுதான் புதிது.

2005 ஜூலையில் அந்தக் கட்டுரை வந்தது, லீக்கின் குழு எழுதிக்கொண்டிருந்த அதே 'நியூரோசர்ஜரி' இதழில். பெல்மன் உட்படக் குழுவினர் மூன்று பேர் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று நீண்ட கடிதம் அனுப்பினார்கள். இதழ் திரும்பப் பெறவில்லை. ஒரு மூளையை வைத்து எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது என்ற அளவில் அவர்கள் நின்றிருந்தால் அது நேர்மையான எதிர்ப்பாக இருந்திருக்கும். இருப்பதையே இல்லை என்கிற அளவுக்குப் போனதுதான் வினையாகிவிட்டது. அடுத்த மூளையும் ஸ்டீலர்ஸ்காரர் மூளைதான், 2005ல் தற்கொலை செய்துகொண்ட டெர்ரி லாங். அதிலும் அதே சிக்கு.

சரி, வழக்குக்கு வருவோம். வெப்ஸ்டர் இறந்த பிறகு அவருடைய சொத்துப் பொறுப்பாளர் மேரிலாண்ட் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கை நடத்தினார். இந்த மாதிரி ஓய்வூதிய வழக்கில் ஜெயிப்பது குதிரைக் கொம்பு. வாரியத்துக்கு முடிவெடுக்கும் சுதந்திரத்தைத் திட்டமே கொடுத்திருக்கும்போது, நீதிபதிக்கு அந்த முடிவு தப்பாகத் தோன்றினால் மட்டும் போதாது. கொஞ்சமும் நியாயமில்லாமல் அதிகாரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று காட்டவேண்டும். வாரியத்துக்கு இவ்வளவு சாதகமான அளவுகோலிலும் வாரியம் தோற்றது. 2005ல் மாவட்ட நீதிமன்றம் 1991 என்றது. 2006 டிசம்பரில் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு மருத்துவ அறிக்கைகூட இல்லாதபோது, தானே அனுப்பிய மருத்துவர் சொன்னதையும் சேர்த்து ஒதுக்கிவிட்டு ஒரு தேதியை எடுக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். தொகை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது, குடும்பத்துக்குப் போனது.

கவனிக்கவேண்டியது, இந்தத் தீர்ப்புக்கு ஒமாலுவின் கண்ணாடி வில்லைகள் தேவைப்படவில்லை. வெப்ஸ்டர் உயிரோடு இருந்தபோதே அவரோடு உட்கார்ந்து பேசிய ஐந்து மருத்துவர்களின் காகிதமே போதுமானதாக இருந்தது. டாவ், சிக்கு என்றெல்லாம் உலகத்துக்குத் தெரியும் முன்பே உண்மை ஒரு கோப்பில் ஐந்து முறை எழுதப்பட்டுக் கிடந்தது. அதனால்தான் நான் வழக்கை முன்னால் வைக்கிறேன்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. 2009 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் லீக்கைப் புகையிலைக் கம்பெனிகளோடு ஒப்பிட்டார் லிண்டா சான்செஸ் என்ற உறுப்பினர். அந்த வருடக் கடைசியில் லீக்கின் செய்தித் தொடர்பாளர், தலையடிக்கு நீண்டகால விளைவு உண்டு என்று முதல் தடவையாக ஒப்புக்கொண்டார். 2011 பிப்ரவரியில் டேவ் டுயர்சன் என்ற முன்னாள் ஆட்டக்காரர் தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்படி எழுதிவைத்துவிட்டு, தலை கெடாமல் இருக்க நெஞ்சில் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் ஆட்டக்காரர் சங்கத்தின் சார்பில், ஊனப்படி விண்ணப்பங்களைப் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர். அவர் மூளையிலும் சி.டி.இ. அடுத்த வருடம் ஜூனியர் சியாவ் என்ற இன்னொரு முன்னாள் ஆட்டக்காரர், அதே மாதிரி.

2017ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்து ஆன் மெக்கீ குழு 111 முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளையில் 110ல் சி.டி.இ. கண்டதாக வெளியிட்டது. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆடினவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு வரும் என்று பேசுகிறவர்கள் உண்டு, அது தப்பு. ஏதோ சரியில்லை என்று வீட்டில் சந்தேகப்பட்டவர்களின் மூளைதான் பெரும்பாலும் தானமாக வருகிறது. அப்படியிருந்தும் 110 என்பது சின்ன எண் இல்லை. உயிரோடு இருக்கும்போது சி.டி.இ.யை உறுதியாகக் கண்டுபிடிக்க வழி இல்லாததால் யாருக்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கு இன்னும் திறந்தேதான் கிடக்கிறது.

ஆயிரக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர்கள் சேர்ந்து போட்ட வழக்கில் 2013ல் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசினார்கள். நீதிபதி போதாது என்றதால் உச்சவரம்பை எடுத்துவிட்டு 2015ல் ஒப்புதல் கிடைத்தது. இதுவரை நூறு கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று அதில் பக்கம் பக்கமாக நிபந்தனை. அதில் ஒன்று, 2006 ஜனவரி 1க்கு முன்னால் இறந்த ஆட்டக்காரர்களின் குடும்பத்தைப் பற்றியது. தங்கள் மாநிலச் சட்டப்படி வழக்குப் போடும் காலவரம்பு தாண்டிவிடவில்லை என்று அவர்கள் தனியாக நிரூபித்தால்தான் உள்ளேயே வரமுடியும்.

வெப்ஸ்டர் இறந்தது 2002ல்.